வாயளவில் புதுக் கார், தாளில் பழைய கார்!



ஆண்டு முடியும் தறுவாயில் ஆசிரியர் அறைக்கு ஒரு விருந்தாளி தவறாமல் வந்து சேர்வார். கையில் வண்ணத் தாள்கள், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் நல்ல தமிழ். "சார், டெமோ கார் ஒன்று இருக்கிறது. கம்பெனிக் கார். புதுசு மாதிரி. விலை மட்டும்தான் புதுசு மாதிரி இல்லை" என்பார். நான்கு பேர் சிரிப்பார்கள். இரண்டு பேர் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் அதே செய்தி, காரின் ஐந்தாறு படங்களோடு, பெற்றோர்களின் புலனக் குழுவுக்குள்ளும் வந்துவிடும். அனுப்பியவர் யார் என்று பார்த்தால், நம் ஆசிரியர்களில் ஒருவராகவே இருப்பார்.

இந்தப் 'புதுசு மாதிரி' என்ற இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது. சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

(மகிழுந்து என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டியவற்றைப் பேசப் போவதால், மக்கள் வழங்கும் 'கார்' என்ற சொல்லையே ஆள்கிறேன். தமிழ்ப் பற்றாளர்கள் பொறுத்தருள்க.)

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விற்பனை நிலையங்கள் தாம் பயன்படுத்திய பிறகு விற்கும் கார்களில் இரு வகை உண்டு. ஒன்று, வாங்க வருபவர் ஓட்டிப் பார்ப்பதற்கென்று நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கும் கார். இதுதான் உண்மையான டெமோ கார். விற்பனையாளர் பக்கத்தில் அமர்ந்திருக்க, பத்துப் பதினைந்து நிமிடம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிலையத்துக்கே திரும்பிவிடும். மற்றொன்று, பட்டறையில் தம் காரைப் பழுதுபார்க்க விட்டுச் செல்லும் வாடிக்கையாளருக்கு, வேலை முடியும் வரை இரவலாகக் கொடுக்கப்படும் கார். 'கர்ட்டசி கார்' என்பார்கள். தமிழில் இரவல் கார் என்றே சொல்லிவிடலாம். இதை ஓட்டுபவரின் பக்கத்தில் யாரும் அமர்வதில்லை. இரண்டு நாள் ஒருவர், ஒரு வாரம் இன்னொருவர், அதன்பின் வேறொருவர் என்று கை மாறிக்கொண்டே இருக்கும். இரவல் வாங்கிய குடையை நாம் எப்படிப் பிடிக்கிறோம் என்பது நமக்கே தெரியும். காரும் அப்படித்தான்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆனால் விற்பனைக்கு வரும்போது இரண்டுக்கும் 'டெமோ' என்ற ஒரே பெயர் சூட்டப்படுகிறது. ஏன்? டெமோ என்றால் கண்ணாடிக்குள் நின்ற கார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பைக் கலைக்க விற்பனையாளருக்கு என்ன அவசியம்?

நான் இரவல் காருக்கு எதிரியல்லன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெற்ற பட்டறையிலேயே வளர்ந்த கார் அது. எண்ணெய் மாற்றமும் வடிகட்டி மாற்றமும் முறையாக நடந்திருந்தால், ஊர் பெயர் தெரியாத பழைய காரைவிட அது நல்ல கொள்முதலாகக்கூட இருக்கும். சரியான விலைக்கு, சரியான விவரத்தோடு கிடைத்தால் நானே வாங்கச் சொல்வேன். என் சண்டை காரோடு அன்று. அதன் வரலாற்றை மறைத்து விற்பவரோடும், மறைக்க இடங்கொடுத்து வாங்குபவரோடும், இடையில் நின்று கைகாட்டிவிடும் நம் ஆசிரியர்களோடும்தான்.

இதில் அப்படி என்ன பெரிய கேடு வந்துவிட்டது என்று கேட்பவர்களுக்காக நம் மக்களின் நிலையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

மலாக்கா, ரப்பர்த் தோட்டத் தொழிலின் தொட்டில். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்ற சீன வணிகர் ரப்பர்க் கன்றுகளை நட்டதுதான் இந்நாட்டு வணிகமுறை ரப்பர் வேளாண்மையின் தொடக்கம். அந்தத் தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்த நம் மக்களுக்குப் பள்ளி, கோயில், மருந்தகம், கடை எல்லாம் நடந்து போகும் தூரத்திலேயே இருந்தன. கார் தேவைப்படவில்லை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயன் வீடுகள் காலியாயின. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால் என்று பட்டண ஓரத்து மலிவு வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்தார்கள். வேலை பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில், பிள்ளையின் பள்ளி பழைய தோட்டத்தில், வயதான தாயாருக்கு மருத்துவமனை மலாக்கா நகரில். டைமண்ட் ஜூபிலி, புக்கிட் அசகான் போன்ற தோட்டப் பெயர்களைத் தாங்கி நிற்கும் பள்ளிகளில் காலை மணி அடிக்கும்போது வாசலில் நின்று பாருங்கள். வெளியிலிருந்து காரிலும் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து இறங்கும் பிள்ளைகளால்தான் பள்ளி நடக்கிறது. அந்தக் கார் நின்றுபோனால் பிள்ளையின் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுகிறது. ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 40,000 வெள்ளி விலையுள்ள கார். சட்டப்படி குறைந்தது பத்து விழுக்காடு முன்பணம், அதாவது 4,000 வெள்ளி. மீதி 36,000 வெள்ளியை ஏழாண்டுத் தவணையில், குறைந்துவரும் நிலுவையின் மீது ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 561 வெள்ளி. ஏழாண்டில் வங்கிக்கு மட்டும் 47,000 வெள்ளிக்கு மேல் போகும். குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, எண்பத்து நான்கு மாதங்களுக்கு, ஒரு காருக்காகக் கட்டி வைக்கப்படுகிறது. எண்ணெய், காப்புறுதி, சாலை வரி, டயர் எல்லாம் தனி. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு தொழிலாளி வாழ்நாளில் வாங்கும் பெரிய பொருள் இதுதான். இதை அவர் வாங்குவது 'புதுசு மாதிரி' என்ற இரண்டு சொற்களை நம்பி!

எங்கள் வட்டாரத்துப் பெற்றோர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். தொழிற்சாலையில் இரவு வேலை, இரண்டு பிள்ளைகள் நம் பள்ளியில். "டெமோ கார், ஐந்தாண்டு உத்தரவாதம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். வாங்கிய ஏழாம் மாதத்தில் குளிரூட்டி நின்றது, கியரும் உதறத் தொடங்கியது. உத்தரவாதம் இருக்கிறதே என்று பட்டறைக்குப் போனார். கணினியில் பார்த்த ஊழியர் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒன்று, உத்தரவாதம் அவர் வாங்கிய நாளிலிருந்து தொடங்கவில்லை; கார் முதன்முதலில் பதிவான நாளிலிருந்தே தொடங்கிவிட்டது, அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டு, அந்த இரண்டு ஆண்டுகளில் இரு முறை பராமரிப்புக் கெடு தவறியிருக்கிறது, ஆகவே இந்தப் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாது. கெடுவைத் தவறவிட்டவர் யார்? அப்போது காரைத் தன் பெயரில் வைத்து, பட்டறை வாடிக்கையாளர்களுக்கு இரவல் கொடுத்துக்கொண்டிருந்த அதே விற்பனை நிலையம்! தண்டனை யாருக்கு? இரவு வேலை பார்க்கும் மனிதருக்கு. விற்றவரைத் தேடினால், அவர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். "டெமோ என்று யார் சொன்னது? தாளில் பாருங்கள், பயன்படுத்தப்பட்ட கார் என்றுதானே போட்டிருக்கிறது" என்று நிலையத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. என் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

இது ஏதோ சொற்சிலம்பம் என்று நினைத்துவிடாதீர்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம், தவணையில் வாங்கும் பொருளுக்குத் தரம் பற்றிய மறைமுக உறுதிமொழியை வழங்குகிறது. ஆனால் பொருள் இரண்டாங்கைப் பொருள் என்றும் அதன் தரத்துக்கு எந்த உறுதியும் இல்லை என்றும் ஒப்பந்தத்தில் எழுதி, வாங்குபவர் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தப் பாதுகாப்பு விலகிவிடும். ஆகவே வாயால் 'புதுசு மாதிரி' என்று சொல்வது விலையை உயர்த்துவதற்கு. தாளில் 'இரண்டாங்கை' என்று எழுதுவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு. ஒரே காரை ஒரே மேசையில் புதிதாகவும் பழையதாகவும் விற்கிறார்கள். இரண்டிலும் இலாபம் அவர்களுக்கே.

"சார், புஸ்பாகோம் பாஸ் ஆகிவிட்டது, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கும் பெற்றோர்களையும் பார்க்கிறேன். பெயர் மாற்றத்திற்கான பி5 பரிசோதனை எதற்காக என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா, வண்டி வெட்டி ஒட்டப்பட்டதா என்பன போன்ற அடையாளச் சோதனைதான் அது. பி7 என்பது வங்கிக் கடனுக்காகச் செய்யப்படுவது. கார் நேற்று யார் கையில் இருந்தது, எத்தனை பேர் ஓட்டினார்கள், எந்தக் கதவை எப்போது தட்டி நிமிர்த்தினார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தச் சான்றிதழில் பதில் கிடையாது. பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துப் பிள்ளையின் நடத்தையை அறிய முடியுமா?

இன்னும் ஒரு நுட்பம். விபத்து வரலாற்றை அறியக் காப்புறுதிப் பதிவைப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் விற்பனை நிலையத்துக்கே தட்டிச் சாயம் பூசும் பட்டறையும் சொந்தமாக இருந்தால், இரவல் எடுத்தவர் கதவை இடித்துக்கொண்டு வந்தாலும் அங்கேயே சரிசெய்து முடித்துவிடுவார்கள். காப்புறுதி இழப்பீடு கோரப்படாது. பதிவு வெள்ளைத்தாளாக இருக்கும். வெளியார் கையில் இருந்த காரைவிடப் பட்டறைக்காரர் கையில் இருந்த காரின் வரலாற்றை மறைப்பது எளிது! வண்ணப்பூச்சின் தடிமனை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. ஆலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 250, 300 என்று காட்டினால் அங்கே மறுபூச்சு நடந்திருக்கிறது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே மக்கு அடைத்திருக்கிறார்கள். தனிப்பட்ட முறையில் கார் பார்த்துத் தரும் மெக்கானிக்குகள் பலர் இதை வைத்திருக்கிறார்கள். சில நூறு வெள்ளி கேட்பார்கள். தீபாவளிப் பலகாரச் செலவுகூட அதைவிட அதிகம். ஆனால் அதைக் கொடுக்க மனம் வராமல் நாற்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம்.

கிலோமீட்டர்க் கணக்கும் அப்படித்தான். மீட்டரைத் திருப்புவது ஒரு புறமிருக்க, திருப்பாத மீட்டரும் முழு உண்மையைச் சொல்லாது. வாடிக்கையாளருக்காகக் குளிரூட்டியைப் போட்டபடி நின்ற இடத்திலேயே இயங்கிய மணிநேரம் மீட்டரில் ஏறாது. இயந்திரம் சூடாகும் முன்பே நிறுத்தப்படும் குறுகிய ஓட்டங்கள், எண்ணெயில் ஈரத்தையும் எரிபொருளையும் கலக்கவிடும். ஆகவே குறைந்த கிலோமீட்டர் என்பதாலேயே குறைந்த தேய்மானம் என்று ஆகிவிடாது. நம் அலோர் காஜா பெகோவில் 2003 முதல் ஹோண்டாவின் ஆலை இயங்குகிறது. கார் எப்படிப் பூட்டப்படுகிறது என்பது மலாக்கா மக்களுக்குக் கூப்பிடு தூரத்துச் செய்தி. அது எப்படி விற்கப்படுகிறது என்பதை மட்டும் நாம் கற்றுக்கொள்ள மறுக்கிறோம்.

உலகத்தில் எங்கும் நடப்பதுதானே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. நடக்கிறது, உண்மை. ஆனால் நடந்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1987-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தின் மீதும் அதன் அதிகாரிகள் இருவர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஆலையிலிருந்து வந்த புதுக் கார்களை, மீட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டு நிறுவன மேலாளர்கள் ஓட்டிச் சென்றார்கள். பின்னர் இணைப்பைக் கொடுத்துப் புதுக் கார்களாக விற்றார்கள். 60,000-க்கும் மேற்பட்ட கார்கள். தர சோதனைக்காகத்தான் ஓட்டினோம் என்றது நிறுவனம். ஆனால் அதன் தலைவர் லீ ஐயகோக்கா சில நாள்களில் செய்தியாளர்கள் முன் நின்று மன்னிப்புக் கேட்டார், உத்தரவாதத்தை நீட்டித்தார்கள், சோதனை ஓட்டத்தில் சேதமுற்றிருந்த கார்களுக்குப் பதில் புதுக் கார் தர முன்வந்தார்கள். நிறுவனத்தின் ஆளே ஓட்டிய கார்தான்! இருந்தாலும் அதை மறைத்து விற்றது குற்றம் என்றே அங்கே பார்க்கப்பட்டது.

இன்னொன்று பிஎம்டபிள்யூ வழக்கு. அலபாமா மாநிலத்து மருத்துவர் ஒருவர் 1990-இல் 40,000 டாலருக்கு மேல் கொடுத்துப் புதுக் கார் வாங்கினார். கப்பலில் வரும் வழியில் அமில மழையால் பூச்சு கெட்டு, மறுபூச்சுப் பூசப்பட்ட கார் அது. பழுதுபார்ப்புச் செலவு விலையில் மூன்று விழுக்காட்டுக்குள் இருந்தால் வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்பது நிறுவனத்தின் அன்றைய கொள்கை. இங்கே ஏறத்தாழ 600 டாலர்தான் செலவு. நடுவர் குழு 4,000 டாலர் இழப்பீட்டோடு நாற்பது இலட்சம் டாலர் தண்டத்தொகையும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அத்தண்டத்தைப் பாதியாக்கியது. அதுவும் மிகை என்று 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நடுவர் குழுவின் முடிவு வந்த கையோடு, எவ்வளவு சிறிய பழுதானாலும் தெரிவித்தே விற்பது என்று நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. அந்த மருத்துவர், 'சின்ன விஷயம்தானே' என்று விட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

அதே நாட்டில் 1985 முதல் நடப்பிலுள்ள பயன்படுத்தப்பட்ட கார் விதிமுறை, விற்பனையாளர் காரின் கண்ணாடியில் விவரத்தாள் ஒட்ட வேண்டும் என்கிறது. ஓட்டிப் பார்ப்பதற்காக வைத்திருந்த டெமோ காரும் அந்த விதியின்படி பயன்படுத்தப்பட்ட கார்தான். 'மாதிரி' என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை. பக்கத்துச் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, வாங்கி ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்த குறைதான் என்று சட்டம் கொள்கிறது. பயன்படுத்தப்பட்ட கார்களும் அதில் அடங்கும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்றவர்.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பொருளின் தரம், முந்தைய வரலாறு, முந்தைய பயன்பாடு முதலியவற்றைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. 32-ஆம் பிரிவு, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இச்சட்டத்தின் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் எழுதி விலக்கிக்கொள்ள முடியாது என்கிறது 6-ஆம் பிரிவு. 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று பொடியெழுத்தில் அச்சிட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் விற்பனையாளர்கள் அந்தப் பிரிவைப் படித்துப் பார்க்கட்டும். 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்திலும், பொருளின் முந்தைய உரிமையும் பயன்பாடும் வணிக விவரிப்புக்குள் அடங்கும். இரவல் காரை டெமோ என்று சொல்லி விற்பது எந்தக் கணக்கில் சேரும் என்பதை உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்க அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும். கேட்பதற்குப் புகார் வேண்டுமே!

நேர்மையான விற்பனையாளருக்கும் இதில் நட்டமில்லை என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். அதே 32-ஆம் பிரிவின்படி, விற்பதற்கு முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டப்பட்ட குறைக்காகப் பின்னர் அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. எழுதிக் கொடுப்பது அவருக்கே கவசம். எழுதித் தர மறுப்பவர் எதை அஞ்சுகிறார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி எதிர்வாதங்கள். "இப்படியெல்லாம் கேட்டால் விற்கவே மாட்டார்கள்" என்பது ஒன்று. ஆண்டு இறுதியில் அந்தக் காரை எப்படியாவது தள்ளிவிட வேண்டிய நெருக்கடி நமக்கா, அவர்களுக்கா? ஆண்டு மாறினால் அந்த மாடலின் மதிப்பு இறங்கும். கண்ணாடிக்குள் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குச் செலவு. பேரம் பேசும் பலம் நம் பக்கம் இருக்கும்போது, பள்ளிக்குள் வந்த ஆய்வாளரைக் கண்டதுபோல் நாம் ஏன் நடுங்குகிறோம்?

"விற்பவர் நம்மவர், ஏமாற்ற மாட்டார்" என்பது அடுத்தது. இதுதான் எனக்கு மிகுந்த சினத்தை ஊட்டுவது. நம்மவர் என்றால் எழுதிக் கொடுப்பதில் அவருக்கு என்ன தடை? மாமன் மச்சானுக்குக் கடன் கொடுத்தாலும் எழுதி வாங்கிய பழக்கம் நம் முன்னோர்களிடம் இருந்தது. தோட்டத்துக் கடையிலும் கணக்குப் புத்தகம் இருந்தது. தமிழில் பேசுகிறார், கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு நிற்கிறார் என்பதற்காகக் காரின் வரலாறு மாறிவிடுமா? பல நேரங்களில் அவருக்கே அது தெரியாது. நிறுவனம் சொன்னதை அவர் நமக்குச் சொல்கிறார். அவரையும் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

"விலை குறைவாகக் கிடைக்கிறதே" என்பார்கள். எதைவிடக் குறைவு? புதுக் காரின் விலையோடுதான் ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டியது அதே ஆண்டு, அதே மாடல், ஒரே உரிமையாளர் வைத்திருந்த பயன்படுத்தப்பட்ட காரின் விலையோடு. நீங்கள் அதன் இரண்டாம் உரிமையாளர். பதிவுச் சான்றிதழில் முதல் உரிமையாளர் ஒரு நிறுவனம். நாளை நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவர் அதைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். வங்கியும் புதுக் காருக்குரிய வட்டியைத் தராது. பயன்படுத்தப்பட்ட காருக்குரிய கூடுதல் வட்டியைத்தான் போடும். உத்தரவாதத்தில் கழிந்த மாதங்களையும் கணக்கில் சேருங்கள். இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுவதுதான் உண்மையான கழிவு. சில நேரம் ஒன்றுமே எஞ்சாது.

இப்போது நம் ஆசிரியப் பெருமக்களுக்கு.

ஆள் பிடித்துக் கொடுத்தால் 'கோப்பிக் காசு' கிடைக்கிறது என்பது ஆசிரியர் அறைகளில் இரகசியமன்று. நூறோ இருநூறோ. வாங்குபவர்கள் அதைத் தவறாக நினைப்பதுமில்லை. "நல்லதைத்தானே காட்டிவிட்டேன்" என்கிறார்கள். ஐயா, அம்மா, சற்று நில்லுங்கள். ஒரு பெற்றோர் உங்கள் சொல்லைக் கேட்பது நீங்கள் கார் வல்லுநர் என்பதற்காகவா? தம் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவர் என்பதற்காக. அந்த மதிப்பை இருநூறு வெள்ளிக்குக் கார் நிலையத்திடம் ஒற்றி வைக்க உங்களுக்கு உரிமையில்லை. ஒரு காலத்தில் தோட்டப் பள்ளி ஆசிரியர்தான் தொழிலாளியின் மனுவை எழுதினார், கிராணியின் கணக்கில் பிழை இருந்தால் படித்துச் சொன்னார், ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதே தொழிலாளியின் பேரன் இன்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சான பல பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும்போது, ஆசிரியர் எதிர்ப்பக்க நாற்காலியில் அமர்ந்து தரகு வாங்குவதா?

பெற்றோர் கேட்க வேண்டியது மிகச் சிறிது. முன்பணம் கட்டுவதற்கு முன், நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு தாள். அதில் கார் முதலில் பதிவான நாள், யார் பெயரில், டெமோவாக இருந்ததா இரவலாக இருந்ததா, இன்றைய கிலோமீட்டர், எந்தெந்தப் பகுதி தட்டி மறுபூச்சுச் செய்யப்பட்டது, உத்தரவாதம் எந்த நாளோடு முடிகிறது. கூடவே பராமரிப்புப் பதிவின் நகல். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் தொடங்கி ஒவ்வொரு கெடுவும் முத்திரையோடு இருக்கிறதா என்று ஆசிரியர் ஒருவர் ஐந்து நிமிடம் புரட்டினால் போதும். 'ஐந்தாண்டு உத்தரவாதம்' என்று விற்பனையாளர் புலனத்தில் அனுப்பிய செய்தியை அழித்துவிடாதீர்கள். நாளை அதுவே சான்று.

ஏமாந்த பிறகு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய ஐந்து வெள்ளிதான் கட்டணம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. 2019-இல் கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நம் மக்கள் வாங்கும் பயன்படுத்தப்பட்ட கார்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நான் மேலே சொன்ன பெற்றோருக்கு அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. அவருடைய மனுவை நானும் என் நண்பர் ஒருவரும் மலாயில் எழுதிக்கொண்டிருக்கிறோம். வாய்ப்பேச்சுக்குச் சான்றாக அவரிடம் இருப்பவை புலனத்தில் வந்த இரண்டு செய்திகள் மட்டுமே. பார்ப்போம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை வைக்கப் போகிறேன். பள்ளியின் பெற்றோர் குழுவில் கார் விற்பனைச் செய்திகளை ஆசிரியர்கள் பகிரக்கூடாது என்பது ஒன்று. ஆசிரியர் அறைக்கு வரும் எந்த விற்பனையாளரும் மேற்சொன்ன விவரத்தாளில் கையெழுத்திட ஒப்புக்கொண்ட பிறகே பேச அனுமதிக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. அந்தத் தாளைத் தமிழிலும் மலாயிலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். மொத்தம் ஆறு வரிதான். வேண்டும் பள்ளிகள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.